கர்ணம் காண எட்டுக் கூறு விதி: எந்த முக்கோணத்துக்குச் சரி வரும்?

#1 பட்டறைக்காரன்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் விறகு அடுக்கவும் இரண்டு வண்டி நிறுத்தவும் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரே பக்கச் சரிவு. முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே 12 அடி. பின் தூண் முன் தூணைவிட 4 அடி உயரம். சரிவில் கிடக்கும் சதுரப் பைப் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதுதான் கணக்கு.

எங்கள் தாத்தா ஆசாரி. ஓட்டு வீட்டுக்குக் கைமரம் அறுக்கும்போது அவர் வாய்விட்டுச் சொல்லும் கணக்கு எனக்குச் சின்ன வயதிலிருந்தே மனப்பாடம். கிடை நீளத்தை எட்டுக் கூறாக்கு, ஒரு கூறைத் தள்ளு, மீதியோடு உயரத்தில் பாதியைச் சேர், வந்தது கர்ணம், அதாவது சரிவின் நீளம். பழம்புலவர் என்று சொல்லப்படும் போதையனார் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றும் பாட்டு சொல்வதும் இதைத்தான்.

அப்படியே செய்தேன். 12ஐ எட்டாக்கினால் ஒரு கூறு ஒன்றரை அடி. ஒன்றைத் தள்ளினால் 10½. உயரத்தில் பாதி 2. மொத்தம் 12½ அடி. நான்கு பைப்பையும் 12 அடி 6 அங்குலத்தில் வெட்டிவிட்டேன். தூக்கி வைத்தால் மேல் தூணைத் தொடவில்லை. இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக இடைவெளி நிற்கிறது. தூண் சாய்ந்திருக்குமோ என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். தூண் நேராகத்தான் இருக்கிறது.

தாத்தா வேலை செய்த வீடுகளில் ஒரு கைமரம்கூட நீளம் பற்றாமல் போய் நான் பார்த்ததில்லை. 4க்கும் 3க்கும் இந்த விதியைப் போட்டால் 5 வருகிறது. 12க்கும் 5க்கும் 13 வருகிறது. பள்ளியில் படித்ததும் அதுதான். பிறகு எனக்கு மட்டும் ஏன் குறைந்தது? விதியில் தவறா, நான் போட்டதில் தவறா?

#2 மூலைமட்டம்

12ஐ 12ஆல் பெருக்கினால் 144. 4ஐ 4ஆல் பெருக்கினால் 16. கூட்டினால் 160. அதன் வர்க்கமூலம் 12.649. அதாவது 12 அடி 7¾ அங்குலம், மயிரிழை கூட. நீங்கள் வெட்டியது 12 அடி 6. அந்த ஒன்றே முக்கால் அங்குலம்தான் இடைவெளி. தூணில் குறை இல்லை.

நான் கட்டட வேலை பார்ப்பவன். அஸ்திவாரத்துக்கு மூலைமட்டம் பார்க்கும்போது ஒரு நூலில் 3 அடிக்கு ஒரு ஆணி, அடுத்த நூலில் 4 அடிக்கு ஒரு ஆணி, குறுக்கே டேப் பிடித்து 5 அடி வருகிறதா என்று பார்ப்பேன். பெரிய அறை என்றால் 6, 8, 10. இதைத் தாண்டி வேறு சூத்திரம் எதையும் வேலையில் நம்பியதில்லை.

#3 வேப்பங்காற்று

அவசரப்பட்டு விதியைக் குறை சொல்ல வேண்டாம். வர்க்கமூலம் எடுக்கத் தேவையில்லாமல், வெறும் கோலையும் கயிற்றையும் மடித்தே கர்ணம் காண வழி சொல்லியிருக்கிறார்கள். கயிற்றை மூன்று முறை மடித்தால் எட்டுக் கூறு வந்துவிடும். எத்தனை எளிமை! நானே பல அளவு போட்டுப் பார்த்திருக்கிறேன். 8க்கும் 6க்கும் 7 + 3 = 10. 16க்கும் 12க்கும் 14 + 6 = 20. 24க்கும் 10க்கும் 21 + 5 = 26. எல்லாம் அச்சுப் பிசகாமல் வருகிறது. பட்டறைக்காரன் தம்பி அளவை இன்னொரு முறை எடுத்துப் பார்க்கட்டும்.

#4 கணக்கு டீச்சர்

வேப்பங்காற்று அண்ணா, நீங்கள் போட்ட மூன்றையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். 8, 6 என்பது 4, 3இன் இரண்டு மடங்கு. 16, 12 அதன் நான்கு மடங்கு. 24, 10 என்பது 12, 5இன் இரண்டு மடங்கு. மூன்று முக்கோணம் போல் தெரிந்தாலும் இரண்டே முக்கோணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சோதித்திருக்கிறீர்கள்.

வேறு குடும்பத்திலிருந்து எடுப்போம். 15, 8, 17 ஒரு செங்கோண முக்கோணம். விதி தருவது 13⅛ + 4 = 17⅛. எட்டில் ஒரு பங்கு அதிகம். 24, 7, 25க்கு 21 + 3½ = 24½. அரை குறைவு. 21, 20, 29க்கு 18⅜ + 10 = 28⅜. இதிலும் குறைவு.

விதி சரியா தவறா என்று ஒரு சொல்லில் பதில் தேடினால் இந்தப் பேச்சு முடியாது. கேள்வியை இப்படி மாற்றிக் கேட்போமா? எந்தெந்தச் செங்கோண முக்கோணங்களுக்கு இந்த விதி மயிரிழையும் பிசகாமல் சரியாக வரும்? எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்காமல், எல்லா முக்கோணத்துக்கும் சேர்த்து ஒரே முறையில் விடை காண வேண்டும். பத்தாம் வகுப்பு இயற்கணிதம் போதும். யாராவது முயன்று பாருங்கள், இரவு வருகிறேன்.

#5 பதினொன்று பி

டீச்சர், நான் பதினொன்றாம் வகுப்பு. முயன்றேன், பாதியில் நிற்கிறேன்.

கிடை நீளம் அ, உயரம் உ என்று வைத்துக்கொண்டேன். விதி தரும் கர்ணம் 7அ/8 + உ/2. உண்மையான கர்ணத்தின் வர்க்கம் அ² + உ². இரண்டும் சமமாக வேண்டும் என்றால்,

(7அ/8 + உ/2)² = அ² + உ²

விரித்தால்,

49அ²/64 + 7அஉ/8 + உ²/4 = அ² + உ²

பின்னம் தொல்லை தருவதால் 64ஆல் பெருக்கினேன்.

49அ² + 56அஉ + 16உ² = 64அ² + 64உ²

எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தால்,

15அ² − 56அஉ + 48உ² = 0

இதற்குமேல் போகவில்லை. தெரியாதது இரண்டு, சமன்பாடு ஒன்று. எப்படித் தீர்ப்பது?

#6 கணக்கு டீச்சர்

அருமையாக வந்திருக்கிறாய் கண்ணா. நீ நின்ற இடத்தில்தான் யோசிக்க வேண்டியது இருக்கிறது.

தெரியாதது உண்மையில் இரண்டா? 4, 3க்கு விதி சரி என்றால் 8, 6க்கும் சரி, 400, 300க்கும் சரி. முக்கோணத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் விதி தரும் விடையும் உண்மைக் கர்ணமும் ஒரே மடங்கில்தான் மாறும். அப்படியானால் அளவு இங்கே பொருட்டே இல்லை. சரிவு எவ்வளவு என்பது மட்டும்தான் பொருட்டு. சரிவு என்பது உயரத்தை நீளத்தால் வகுத்தது. அதை ச என்று வை. உன் சமன்பாட்டை முழுக்க அ²ஆல் வகுத்துவிடு.

48ச² − 56ச + 15 = 0

இப்போது தெரியாதது ஒன்றுதான். 48 × 15 = 720. பெருக்கினால் 720, கூட்டினால் 56 வர வேண்டும். 36, 20.

48ச² − 36ச − 20ச + 15 = 0
12ச(4ச − 3) − 5(4ச − 3) = 0
(4ச − 3)(12ச − 5) = 0

ச = 3/4 அல்லது ச = 5/12.

வேறு விடை கிடையாது. சரிவு 3/4 என்றால் அது 3-4-5 முக்கோணம். 5/12 என்றால் 5-12-13 முக்கோணம். உலகத்தில் உள்ள அத்தனை செங்கோண முக்கோணங்களிலும் இந்த விதி முழுச் சரியாக வருவது இந்த இரண்டுக்கும் இவற்றின் மடங்குகளுக்கும் மட்டும்தான். மக்கள் எடுத்துக்காட்டாகக் காட்டுவதும் எப்போதும் இந்த இரண்டைத்தான்!

#7 பட்டறைக்காரன்

டீச்சர், ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் இரண்டு முறை போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த 4ச − 3 தானாக விழுந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. மூன்றும் நான்கும், ஐந்தும் பன்னிரண்டும் அந்தச் சமன்பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கின்றன.

என் கொட்டகையில் சரிவு 4/12. பின் தூணை ஒரு அடி கூட்டி 5 அடியாக வைத்திருந்தால் பைப் கணக்காக 13 அடி. விதியும் அதையே சொல்லியிருக்கும். நான் குறையே கண்டிருக்க மாட்டேன்.

#8 வேப்பங்காற்று

டீச்சர் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் சோதித்தது சோதனையே இல்லை. ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. இரண்டே முக்கோணத்துக்காக ஒருவர் மெனக்கெட்டு ஒரு விதி செய்வாரா? அந்த இரண்டின் கர்ணம்தான் எல்லோருக்கும் தெரியுமே.

#9 வில்லும் நாணும்

வேப்பங்காற்று ஐயா கேட்டது நல்ல கேள்வி. இதைத் தலைகீழாகப் பார்ப்போம்.

நமக்கு 3-4-5ம் 5-12-13ம் தெரியும். வர்க்கமூலம் வேண்டாம், நீளத்தில் ஒரு பங்கு, உயரத்தில் ஒரு பங்கு, கூட்டினால் கர்ணம் என்று ஒரு விதி வேண்டும். நீளத்தின் பங்கு ப, உயரத்தின் பங்கு ம என்று வையுங்கள்.

4ப + 3ம = 5
12ப + 5ம = 13

முதல் வரியை 3ஆல் பெருக்கினால் 12ப + 9ம = 15. அதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 4ம = 2. ம = ½. அப்புறம் 4ப = 3½, ப = 7/8. எட்டில் ஏழும் பாதியும் வந்துவிட்டன! விதியைச் செய்தவர் இப்படித்தான் செய்தார் என்று நான் சொல்லவில்லை. இந்த இரண்டு முக்கோணத்துக்கும் பொருந்துகிற விதி வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு விதி இருக்க முடியாது என்கிறேன்.

இப்போது ஒரு கிராஃப் தாள் எடுங்கள். மூலையை மையமாக வைத்து 10 செ.மீ. ஆரத்தில் கால் வட்டம் போடுங்கள். கர்ணம் 10 செ.மீ. உள்ள எல்லாச் செங்கோண முக்கோணங்களின் உச்சியும் இந்த வில்லின்மேல்தான் இருக்கும். அடுத்து, விதியின்படி கர்ணம் 10 வரும் புள்ளிகளைக் குறியுங்கள். 7அ/8 + உ/2 = 10. இது ஒரு நேர்கோடு. கிடை அச்சில் 11.4 செ.மீ., நிலை அச்சில் 20 செ.மீ., இரண்டையும் ஸ்கேல் வைத்து இணையுங்கள்.

கோடு வில்லை இரண்டு இடத்தில் வெட்டும். ஒன்று (8, 6). இன்னொன்று ஏறத்தாழ (9.2, 3.8). முதலாவது 3-4-5, இரண்டாவது 5-12-13. ஒரு நேர்கோடு வட்டத்தை இரண்டு இடத்துக்குமேல் வெட்டாது. டீச்சரின் இருபடிச் சமன்பாட்டுக்கு ஏன் இரண்டே விடை என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

இன்னொன்றும் தெரியும். அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வில் நாணுக்கு வெளியே புடைத்து நிற்கிறது. அங்கே உள்ள முக்கோணங்களுக்கு விதி கொஞ்சம் அதிகமாகச் சொல்லும். அந்தப் பகுதிக்கு அப்பால், இரண்டு பக்கமும், வில் கோட்டுக்கு உள்ளே இறங்கிவிடுகிறது. அங்கே விதி குறைவாகச் சொல்லும். டீச்சர் போட்ட மூன்றையும் வைத்துப் பாருங்கள். 8/15 நடுவில் விழுகிறது, அதனால் அதிகம். 7/24 கீழே, 20/21 மேலே, அதனால் குறைவு. பட்டறைக்காரனின் 4/12, கீழ் எல்லையான 5/12க்குக் கீழே. குறையத்தான் வேண்டும்.

#10 பதினொன்று பி

நடுவில் எவ்வளவு அதிகம் சொல்லும் என்று தேடினேன். சரிவு 4/7 இருக்கும்போதுதான் பிழை உச்சம். 7க்கும் 4க்கும் விதி 8.125 தரும், உண்மை √65, அதாவது 8.062. நூற்றுக்கு 0.78 பங்கு அதிகம். 5/12க்கும் 3/4க்கும் நடுவே பிழை இதைத் தாண்டாது.

ஆனால் வெளியே போனால் மோசம். 45 பாகைச் சரிவில், 10க்கும் 10க்கும், விதி 13.75 சொல்லும், உண்மை 14.14. உயரம் நீளத்தைவிட அதிகமானால் இன்னும் கெடும். 3, 4 என்று இடம் மாற்றிப் போட்டால் 5 வர வேண்டிய இடத்தில் 4⅝ வருகிறது. அதனால் எப்போதும் பெரிய பக்கத்தைத்தான் எட்டாக்க வேண்டும்.

#11 மூலைமட்டம்

ஒரு நிமிடம். நடுவில் கொஞ்சம் அதிகம், வெளியே குறைவு என்றால், வேலைக்காரன் கண்ணுக்கு அது சாதாரணச் செய்தி இல்லை. மரம் கூடினால் அறுத்துவிடலாம். குறைந்தால் என்ன செய்வது? ஒட்டுப் போட்ட கைமரத்தை யாரும் மேலே ஏற்ற மாட்டார்கள்.

5/12 என்பது ஏறத்தாழ 22½ பாகை. 3/4 என்பது 37 பாகைக்குப் பக்கம். ஓட்டுக் கூரை வாட்டம் பெரும்பாலும் இதற்குள்தானே வரும்? அதைவிடப் படுத்தால் மழைத் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். முதலில் நான் நம்பவில்லை என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ஓட்டு வீட்டுக்கு இது நல்ல விதி.

#12 பட்டறைக்காரன்

அண்ணே, நீங்கள் சொன்னதும் ஒரு காட்சி கண்முன் வந்துவிட்டது. எங்கள் பழைய வீட்டில் சுவரிலிருந்து முகட்டு நடு வரை கிடையாக 8 அடி, முகட்டு உயரம் 5 அடி. எட்டில் ஒன்று தள்ளினால் 7, பாதி 2½, ஆக 9½. உண்மை 9.434. முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

கைமரத்தைத் தூக்கி முகட்டு வளையில் சாய்த்த பிறகு தாத்தா மேலே ஏறி, காதில் செருகியிருக்கும் பென்சிலை எடுத்து நுனியில் ஒரு கோடு போடுவார். கீழே இறக்கி அந்த நுனியைச் சீவுவார். ஒவ்வொரு கைமரத்துக்கும் இதே வேலை. முகட்டில் பொருந்துவதற்காக என்று நினைத்திருந்தேன். "ஒரு விரக்கடை கூடத்தான் வரும், வரட்டும்" என்பார். சீவிய துண்டுகளை நாங்கள் பொறுக்கி வைத்து விளையாடுவோம். அந்த விரற்கடைதான் இந்த முக்கால் அங்குலம் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அவருக்கு ஏன் எப்போதும் கூடியது, எனக்கு ஏன் குறைந்தது என்பதற்கும் விடை கிடைத்துவிட்டது. அவர் போட்டது ஓட்டு வாட்டம். நான் போடுவது தகர வாட்டம், படுத்த வாட்டம்.

#13 தாமரைக்குளம்

நல்ல இழை. பழைய கணக்கு ஒன்றைச் சேர்க்கிறேன். பாஸ்கரர் 1150இல் எழுதிய லீலாவதியில் வருவது. 32 முழ மூங்கில் காற்றில் முறிந்து, நுனி அடியிலிருந்து 16 முழத்தில் தரையைத் தொடுகிறது. எத்தனையாவது முழத்தில் முறிந்தது?

நின்ற பகுதி உ என்றால் சாய்ந்த பகுதி 32 − உ. உ² + 256 = (32 − உ)². உ² இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். 64உ = 768, உ = 12. இதையே எட்டுக் கூறு விதியில் போட்டால் 14 + உ/2 = 32 − உ. இதிலும் 12. ஏனென்றால் 12, 16, 20 நம் 3-4-5 குடும்பம்தான்.

இதே கணக்கு சீனத்தின் ஒன்பது அத்தியாயக் கணித நூலிலும் உண்டு. அங்கே மூங்கில் 10 அளவு, நுனி விழுவது 3 அளவில். உண்மை விடை 4.55. இங்கே நின்ற பகுதிதான் பெரிய பக்கம், அதை எட்டாக்கினால் எட்டுக் கூறு விதி 4.53 தரும். சரிவு ஏறத்தாழ 0.66 என்பதால் பிழை சிறிது.

வேப்பங்காற்று ஐயாவுக்கு ஒரு செய்தி. பௌதாயனர் பெயரில் உள்ள சுல்ப சூத்திரத்தில் வேள்விக் களம் அமைக்க 3-4, 12-5 மட்டுமல்ல, 15-8, 7-24, 12-35 என்று பல இணைகள் தரப்பட்டிருக்கின்றன. 15-8க்கும் 7-24க்கும் இந்த விதி பொருந்தாது என்பதை டீச்சர் மேலே காட்டிவிட்டார். வர்க்கங்களைக் கூட்டும் முறை வேறு, இது வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைத் தள்ள வேண்டியதில்லை.

#14 வேப்பங்காற்று

ஏற்கிறேன். பித்தாகரசுக்குப் பதில் இதுவே போதும் என்று வரும் செய்திகளை நானும் பலருக்கு அனுப்பியிருக்கிறேன். இனி அனுப்பினால் 5/12க்கும் 3/4க்கும் நடுவே என்ற எல்லையையும் சேர்த்து எழுதி அனுப்புவேன். அந்த எல்லை தெரிந்த பிறகு இந்த விதி எனக்கு இன்னும் பிடித்திருக்கிறது.

#15 பதினொன்று பி

பட்டறைக்காரன் அண்ணா, உங்கள் கொட்டகைக்கு ஒரு விதி செய்திருக்கிறேன். வில்லும் நாணும் காட்டிய வழிதான். 3-4-5க்குப் பதில், படுத்த முக்கோணமான 7-24-25ஐ எடுத்துக்கொண்டேன்.

24ப + 7ம = 25
12ப + 5ம = 13

இரண்டாவதை இரட்டித்தால் 24ப + 10ம = 26. கழித்தால் 3ம = 1. ம = 1/3. ப = 17/18.

அதாவது நீளத்தைப் பதினெட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளு, உயரத்தில் மூன்றில் ஒன்றைச் சேர். 7/24க்கும் 5/12க்கும் நடுவே உள்ள சரிவுகளுக்கு இது பொருந்தும். உங்கள் 4/12 அதற்குள் வருகிறது, அதனால் விடை கொஞ்சம் கூடத்தான் வரும், குறையாது. 12ஐப் பதினெட்டாக்கினால் ஒரு கூறு 8 அங்குலம். தள்ளினால் 11 அடி 4 அங்குலம். 4 அடியில் மூன்றில் ஒன்று 1 அடி 4 அங்குலம். மொத்தம் 12 அடி 8 அங்குலம்.

#16 கணக்கு டீச்சர்

உண்மை 12 அடி 7.8. கால் அங்குலம்கூட வித்தியாசமில்லை. கண்ணா, இதைக் கரும்பலகையில் எழுதி என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறேன். செங்குத்தான சரிவுக்கும், 3/4க்கு மேலே, இப்படி ஒன்று செய்து தர முடியுமா? 3-4-5ம் 20-21-29ம் வைத்துப் பார்.

#17 பதினொன்று பி

பார்த்தேன் டீச்சர். நீளத்தை 13 மடங்கு, உயரத்தை 11 மடங்கு, கூட்டி 17ஆல் வகுக்க வேண்டும். 10க்கும் 10க்கும் 14.12 வருகிறது, உண்மை 14.14. பழைய விதியைவிட மிக நெருக்கம். ஆனால் கயிற்றை 17ஆக மடிக்க முடியாது. எட்டு என்றால் மூன்று மடிப்பில் முடிந்துவிடுகிறது.

#18 பட்டறைக்காரன்

நேற்று ஞாயிறு. புதிதாக நான்கு 20 அடி பைப் வாங்கி, 12 அடி 8 அங்குலத்தில் குறித்து வெட்டினேன். மேலே தூக்கி வைத்ததும் நான்குமே பின் தூணைத் தாண்டி ஒரு நூல், ஒன்றரை நூல் (எட்டு நூல் ஓர் அங்குலம்) நீட்டி நின்றன. மூலைமட்டம் அண்ணன் சொன்னாரே, கூடினால் அறுத்துவிடலாம் என்று. சாக்பீஸால் கோடு போட்டு கிரைண்டரில் தட்டி எடுத்துவிட்டு வெல்டிங் வைத்தேன். முன்பு குறைந்த நான்கு துண்டும் வீணாகவில்லை, விறகு அடுக்கும் பக்கம் படுக்கைச் சட்டமாகப் போய்விட்டன.

முன் தூணில் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன்: 18இல் ஒன்று தள்ளு, 3இல் ஒன்று சேர். அதற்குக் கீழே தாத்தா கணக்கு: 8இல் ஒன்று தள்ளு, 2இல் ஒன்று சேர்.